விடுபட்டுப் போன எண்: கணிதமேதை இராமானுஜன் வரலாறு



பரிசளிப்பு விழா என்றாலே பள்ளிக்கூடத்துக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. மேடையிலே ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். பெயர் வந்த பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடும். பெயர் வராத பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கும். நம்ம பிள்ளை பேரு வரலையே என்று பெற்றவர்களுக்கும் மனசு கனக்கும். இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

ஏனென்றால் இந்த மனிதர் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர். அடுத்த வருஷமே கல்லூரிப் படிப்பில் சறுக்கி, வீட்டில் சொல்லாமல் ஊரை விட்டே ஓடியவர். பிற்காலத்தில் உலகத்துக் கணக்கறிஞர்கள் எல்லாம் வியந்து போற்றியவர். அவர்தாம் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

ஏழை வீட்டுப் பிள்ளை

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி வந்தார். சம்பளம் சொற்பம். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வீட்டில் மாணவர்களைத் தங்க வைத்துச் சோறு போடுவார். அதில் கிடைத்த நாலு காசையும் சேர்த்துத்தான் குடும்பம் ஓடியது.

பையன் படிப்பில் சுட்டி. 1897-ல் நடந்த தொடக்கப்பள்ளிப் பரீட்சையில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான். பிறகு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் விடை ஒன்று என்று வாத்தியார் விளக்கிக்கொண்டிருந்தாராம். அப்படியென்றால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று இந்தப் பையன் எழுந்து கேட்டானாம். வகுப்பே வாயடைத்துப் போயிருக்கும், இல்லீங்களா?

பதினாறு வயது வாக்கில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. சுமார் 5,000 கணித முடிவுகள் அதில் வரிசையாக இருந்தன. ஆனால் அவை எப்படி வந்தன என்ற விளக்கம் அநேகமாக இல்லை. வேறொருவராக இருந்தால் மூடி வைத்திருப்பார். இராமானுஜனோ ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்க்கத் தொடங்கினார். காகிதம் வாங்கக் காசில்லை. அதனால் சிலேட்டிலே கணக்குப் போடுவார், முழங்கையாலேயே அழிப்பார், முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

1904-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது, கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சறுக்கியது எங்கே?

உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் வினை வந்தது. கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலப் பாடத்தில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. கட்டணம் கட்ட வீட்டில் வசதி கிடையாது. 1905-ல் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறி விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பெற்றோர் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமா?

திரும்பி வந்தவர் 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் கணக்கில் புலி. மற்றப் பாடங்களில் தோல்வி. 1907-லும் தேறவில்லை. பட்டப்படிப்பு அத்தோடு நின்றது.

மாணவச் செல்வங்களே, இதைப் படித்துவிட்டு மற்றப் பாடங்களை ஒதுக்கிவிடாதீர்கள். அப்படி ஒதுக்கியதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஐந்தாறு வருஷம் வேலை இல்லை, வருமானம் இல்லை, சில நாள் சரியான சாப்பாடுகூட இல்லை. 1909-ல் அக்கால வழக்கப்படி பத்து வயதுச் சிறுமி ஜானகியை அவருக்கு மணமுடித்து வைத்தார்கள். குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெரிய மனிதர் வாசலிலும் போய் நின்றார்.

கை கொடுத்தவர்கள்

1910-ல் திருக்கோயிலூரில் துணைக் கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் போனார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். ஒரு சின்ன எழுத்தர் வேலைதான் இராமானுஜன் கேட்டது. நோட்டைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், இப்படிப்பட்டவரை ஒரு மூலை அலுவலகத்தில் உட்கார வைப்பது பாவம் என்று நினைத்து, சென்னையிலுள்ள கணித அன்பர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்தில் மாதாமாதம் உதவினார். 1911-ல் இராமானுஜனின் முதல் கட்டுரை அச்சில் வந்தது.

1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. நம்ம தோட்டத்துப் பேச்சில் சொன்னால் கிராணி வேலை. சம்பளம் மாதம் 30 ரூபாய். மேலதிகாரி நாராயண ஐயரும் கணக்குப் பிரியர். வேலை முடிந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

நண்பர்கள் தூண்டவே, இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார். முதலில் எழுதியவர்களிடமிருந்து உதவி வரவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். கடிதத்தோடு நூற்றுக்கு மேற்பட்ட கணித முடிவுகள் போயின. ஹார்டி முதலில் சந்தேகப்பட்டார். பிறகு நண்பர் லிட்டில்வுட்டோடு சேர்ந்து இரவு வெகுநேரம் ஆராய்ந்தார். எழுதியவர் சாதாரண ஆள் இல்லை என்று தெளிந்தது. பதில் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பரீட்சையில் தேறாதவருக்குப் பல்கலைக்கழகமே பணம் கொடுத்தது என்றால் சும்மாவா?

கடல் கடப்பது அவர்கள் குடும்ப ஆசாரத்துக்கு ஆகாது. தாயாரின் கனவில் குலதெய்வமான நாமகிரித் தாயார் வந்து அனுமதி கொடுத்ததாகக் கூறுவார்கள். எப்படியோ தாயார் மனம் இளகியது. 1914 மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14-ல் இலண்டன் சேர்ந்தார்.

எண்ணைப் பங்கு போட்டுப் பார்ப்போம்

இங்கிலாந்தில் அவர் செய்த முதல் பெரிய காரியம், பெரிய எண்களைப் பற்றியது. இது ஏதோ நமக்கு எட்டாத விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். பங்கு போடத் தெரிந்த எல்லாருக்கும் இது புரியும்.

வீட்டில் 12 லட்டு இருக்கிறது. ஒருவரே வைத்துக்கொள்ளலாம், 2 பேர், 3 பேர், 4 பேர், 6 பேர், 12 பேர் மீதமில்லாமல் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆக 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு. இவற்றைக் காரணிகள் என்கிறோம். அதே 11 லட்டு என்றால்? ஒருவர், இல்லாவிட்டால் 11 பேர். அவ்வளவுதான். 10 லட்டு என்றால் நான்கு வழிதான். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது.

இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்களை இராமானுஜன் தனியாகப் பிரித்தெடுத்தார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகிறது. 24-க்கு 8 காரணிகள், 60-க்கு 12, 120-க்கு 16. ஒரு நாளைக்கு 24 மணி, ஒரு மணிக்கு 60 நிமிஷம், ஒரு வட்டத்துக்கு 360 பாகை. இந்த மூன்றுமே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த எண்கள்தாம். பங்கு போட அவ்வளவு வசதியானவை!

எண் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்க்க முடியுமா? ஆயுள் போதாது. அதற்கு வழி இருக்கிறது. எந்த எண்ணையும் 2, 3, 5, 7, 11 போன்ற பகா எண்களின் பெருக்கமாக உடைத்துவிடலாம். 12 என்பது 2 × 2 × 3. இதில் 2 இரண்டு தடவை, 3 ஒரு தடவை வருகின்றன. ஒரு காரணியை உண்டாக்க 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு தடவை எடுக்கலாம், இரண்டு தடவை எடுக்கலாம். ஆக மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழி. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு. சரியாக வந்துவிட்டது பாருங்கள்!

இன்னொன்றையும் கவனியுங்கள். 18 என்பது 2 × 3 × 3. அதற்கும் ஆறு காரணிகள்தாம். ஆனால் 12 அதைவிடச் சிறியது. ஆகவே சின்னப் பகா எண் அதிகத் தடவையும் பெரிய பகா எண் குறைந்த தடவையும் வந்தால்தான் லாபம். இராமானுஜனின் எண்கள் எல்லாவற்றிலும் இந்த ஒழுங்கு இருக்கிறது. படிக்கட்டு மாதிரி எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும், சில இடத்தில் சமமாக நிற்கும், ஏறவே ஏறாது. கடைசியில் நிற்கும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். 4, 36 ஆகிய இரண்டு எண்கள் மட்டும் இதற்கு விலக்கு. இதையெல்லாம் அவர் ஐயமற நிறுவிக் காட்டினார்.

பட்டியலில் விடுபட்ட எண்

1915-ல் இலண்டன் கணிதச் சங்கம் இந்த ஆராய்ச்சியை வெளியிட்டது. அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டுரை. அதுகூட முழுசு இல்லை. உலகப் போர் நடந்த காலம். சங்கத்திடம் பணம் இல்லை. அதனால் ஒரு பகுதியை அச்சிடாமல் நிறுத்திவிட்டார்கள். அந்த மிச்சப் பகுதி விளக்கவுரையோடு அச்சேறியது 1997-ல்தான்!

அந்தக் கட்டுரையில் நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் கடைசி எண் 6,746,328,388,800. அதாவது 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. இதை உடைத்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு தடவை வருகின்றன. முன்பு சொன்ன படிக்கட்டு தெரிகிறதா? முன்பு செய்தது போலவே ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. அத்தனை காரணிகள் அந்த ஓர் எண்ணுக்கு! அதற்குக் கீழே உள்ள ஆறு இலட்சத்துச் சொச்சம் கோடி எண்களில் ஒன்றுக்குக்கூட இத்தனை கிடையாது. கணக்குப் பொறி எதுவும் இல்லாமல், கையாலேயே இதைக் கண்டுபிடித்தார்.

ஆனால் பிற்காலத்தவர்கள் பட்டியலைச் சரிபார்த்தபோது ஓர் எண் விடுபட்டுப் போயிருப்பது தெரிந்தது. அது 293,318,625,600. அதற்கு 5,040 காரணிகள். பட்டியலில் இருக்க வேண்டிய எல்லாத் தகுதியும் அதற்கு உண்டு. ஆனாலும் இராமானுஜனின் கண்ணுக்கே தப்பிவிட்டது.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். மாணவர்கள் யாராவது ஒரு பென்சிலை எடுத்து, விடுபட்ட அந்த எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். என்ன வருகிறது? 6,746,328,388,800. பட்டியலின் கடைசியில் கம்பீரமாக நிற்கிறதே, அதே எண்! காரணிகளும் 5,040-லிருந்து சரியாக இரண்டு மடங்காகி 10,080 ஆகின்றன. பெயர் விடுபட்ட எண், பெயர் வந்த பெரிய எண்ணுக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. (5,040-ம் 10,080-ம் கூடக் காரணி மிகுந்த அதே கூட்டத்து எண்கள்தாம். அதை வீட்டில் செய்து பாருங்கள்.)

வாடகைக் காரின் எண்

இந்த ஆராய்ச்சிக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கல்லூரியில் இருமுறை தோற்றவர் பட்டதாரி ஆனார். 1918-ல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

பெருமை வந்தது, உடம்பு போயிற்று. சுத்த சைவம். தாமே சமைத்துச் சாப்பிட வேண்டும். போர்க்காலத்தில் நல்ல காய்கறி கிடைப்பதே அரிது. குளிர் வேறு. 1917-ல் படுத்தவர் மருத்துவமனை மருத்துவமனையாக மாறிக்கொண்டிருந்தார். ஒருநாள் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அதில் சுவை ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். படுக்கையில் கிடந்த இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். 12-ன் கனம் 1728. அதோடு 1-ன் கனத்தைக் கூட்டினால் 1729. 10-ன் கனம் 1000, 9-ன் கனம் 729. கூட்டினால் மறுபடியும் 1729! காரணிகளைப் பார்த்தால் 1729-க்கு எட்டுதான். நம்ம சின்ன 24-க்கு உள்ள அதே எட்டு. அந்த வகையில் அது பெரிய எண் இல்லை. ஆனாலும் வேறொரு சிறப்பு அதற்குள் ஒளிந்திருந்தது. அதைப் பார்க்க ஒரு கண் வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி நாட்கள்

1919-ல் தாயகம் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. மாதம் 30 ரூபாய்க்குப் பேனா பிடித்தவருக்கு அது பெரிய தொகை. அவர் என்ன செய்தார் தெரியுமா? புறப்படும் முன்பே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். தம் பெற்றோருக்கு ஒரு பங்கு கொடுத்து, அவசியச் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கட்டணம் கட்ட முடியாமல் ஓடிப்போன அந்தக் கும்பகோணத்துப் பையனை அவர் மறக்கவில்லை.

நோய் தீரவில்லை. மனைவி ஜானகி அம்மாள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். படுக்கையில் இருந்தபடியே புதிய கணக்குகளை எழுதித் தள்ளினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது. வயது 32. ஜானகி அம்மாள் பிறகு தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார்.

அவர் கடைசியாக எழுதிய தாள்கள் பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். 2012 முதல் இந்தியாவில் டிசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பெற்றோர்களே! இராமானுஜன் தானாக மேலே வந்துவிடவில்லை. நோட்டைத் திறந்து பார்த்த ஒரு துணைக் கலெக்டர், பணம் கொடுத்த ஒரு கலெக்டர், சிலேட்டோடு உட்கார்ந்த ஒரு மேலதிகாரி, கடிதத்தைக் குப்பையில் போடாத ஒரு பேராசிரியர் என்று நான்கு பேர் பார்த்ததால் வந்தார். விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போய்க் களைத்து வரும் நமக்கும், பிள்ளையின் நோட்டை ஒரு தடவை திறந்து பார்க்கப் பத்து நிமிஷம் கிடைக்காதா? நமக்குப் படிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை. என்ன எழுதியிருக்கேன்னு சொல்லு என்று கேட்டாலே பிள்ளைக்குத் தெம்பு வரும்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். கிடைத்ததை இராமானுஜனைப் போல மற்றவரோடு பகிர்ந்துகொள்ளப் பழகுங்கள். பெயர் வராதவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மேதையே போட்ட பட்டியலிலும் ஓர் எண் விட்டுப்போனது. விட்டுப்போனதால் அதன் 5,040 காரணிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. மறுபடி எண்ணிப் பார்த்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். உங்களையும் ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். அதுவரை சிலேட்டைக் கீழே வைக்காதீர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!